தூய நிலக்கரி மின்சாரம்: எதை இப்போது வாங்குவது, எதற்குக் காத்திருப்பது

‘தூய நிலக்கரித் தொழில்நுட்பம்’ என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்கப்படுவது ஒரே பொருளல்ல. அதே அளவு நிலக்கரியிலிருந்து கூடுதல் மின்சாரம் எடுக்கும் உயர் அழுத்தக் கொதிகலன்கள், புகையிலுள்ள கந்தகத்தையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சாம்பலையும் பிடித்து நிறுத்தும் கருவிகள், நிலக்கரியை முதலில் வாயுவாக்கிப் பிறகு எரிக்கும் நிலையங்கள், கரியமில வாயுவைப் பிரித்து நிலத்தடியில் செலுத்தும் அமைப்புகள், நிலக்கரியோடு அம்மோனியாவையோ மரத்துகளையோ கலந்து எரிக்கும் ஏற்பாடுகள் என எல்லாமே இந்தப் பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. இவை தீர்க்கும் சிக்கல் ஒவ்வொன்றும் வேறு. விலையும் முதிர்ச்சியும் வேறு. பழைய அனல் மின் நிலையங்களைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு முடிவெடுக்க வேண்டிய ஒரு மின் நிறுவனம், சுற்றுவட்டார மக்கள் சுவாசிக்கும் மாசைக் குறைக்கப் போகிறதா, வளிமண்டலத்தில் சேரும் கரியமில வாயுவைக் குறைக்கப் போகிறதா, எரிபொருள் செலவைக் குறைக்கப் போகிறதா என்பதை முதலில் பிரித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றையும் ஒருசேரச் செய்யும் கருவி எவரிடமும் இல்லை. எனவே எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த வரிசையில் வாங்கினால் அடுத்த கட்டம் வராமலே போனாலும் முந்தைய செலவு வீணாகாமல் இருக்கும் என்று கேட்பது பயனுள்ளது. இந்தக் கட்டுரையின் ஒப்பீடு அந்த அடிப்படையில் அமைந்தது.

உலக மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. உலகம் எரிக்கும் நிலக்கரியில் பாதிக்கு மேல் சீனாவில் எரிகிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் அந்நாடு 94.5 ஜிகாவாட் திறனுள்ள புதிய நிலக்கரி நிலையங்களின் கட்டுமானத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃபை மூடியது. ஆகவே ‘உலகச் சந்தை’ என்று அறிக்கைகள் பேசினாலும், புதிய கொதிகலன்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் ஆசியச் சந்தைதான். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் நிலையங்களை எப்படி மூடுவது, மாற்றுவது, சிலவற்றில் எதைப் பொருத்துவது என்ற பேச்சு மட்டுமே எஞ்சியிருக்கிறது.

செயல்திறனிலிருந்து தொடங்கலாம். நீரை 221 பார் அழுத்தத்துக்கும் 374 டிகிரி செல்சியசுக்கும் மேலே கொண்டுசென்றால் நீர், நீராவி என்ற வேறுபாடு மறைந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே இயங்கும் பழைய நிலையங்கள் நிலக்கரியின் வெப்பத்தில் 33 முதல் 38 சதவீதத்தை மின்சாரமாக்குகின்றன. எல்லையைக் கடந்த சூப்பர்கிரிட்டிக்கல் நிலையங்கள் 40 சதவீதத்தைத் தாண்டுகின்றன. 600 டிகிரியை ஒட்டிய நீராவியில் இயங்கும் அல்ட்ரா சூப்பர்கிரிட்டிக்கல் நிலையங்கள் 44 முதல் 46 சதவீதம் வரை எட்டுகின்றன. டென்மார்க்கின் நோர்ட்யூலாந்து நிலையத்தின் மூன்றாம் அலகு 1998இலேயே 47 சதவீதத்தைத் தொட்டது. 36 சதவீத நிலையத்துக்குப் பதிலாக 44 சதவீத நிலையத்தில் அதே மின்சாரத்தை எடுத்தால் நிலக்கரியும் கரியமில வாயுவும் ஏறத்தாழ 18 சதவீதம் குறையும். எரிபொருளை இறக்குமதி செய்யும் நாடுகளுக்கு இது சிறிய தொகையல்ல. யோகோஹாமாவின் இசோகோ நிலையம் முதல் இந்தியாவின் கர்கோன் நிலையம் வரை இந்தத் தொழில்நுட்பம் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் ஓடிக் காட்டியிருக்கிறது. புதிய நிலையம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இதற்குக் குறைந்த எதையும் வாங்குவதற்கு இன்று நியாயம் கிடையாது.

ஆனால் விற்பனையாளர் தரும் செயல்திறன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பிய நிறுவனங்கள் எரிபொருளின் நிகர வெப்ப மதிப்பை (புகையிலுள்ள நீராவியோடு போய்விடும் வெப்பத்தைக் கழித்தது) கொண்டும், அமெரிக்காவிலும் இந்தியாவிலும் மொத்த வெப்ப மதிப்பை (அதைக் கழிக்காதது) கொண்டும் கணக்கிடுவது வழக்கம். ஒரே நிலையத்துக்கு இந்த இரண்டு கணக்குகளும் சுமார் இரண்டு புள்ளிகள் வேறுபடும், ஈரம் மிகுந்த நிலக்கரியானால் அதைவிடக் கூடுதலாகவே வேறுபடும். நிலையம் தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் கழித்த எண்ணா, கழிக்காத எண்ணா என்பதும் முக்கியம். குளிர்ந்த கடல் நீரில் நீராவியைக் குளிர்விக்கும் நிலையம் எட்டிய திறனை, வெப்பமான பகுதியில் குளிரூட்டு கோபுரத்தை நம்பியிருக்கும் நிலையத்திடம் எதிர்பார்க்கவும் முடியாது. ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடும் குழு எல்லா எண்களையும் ஒரே அடிப்படைக்கு மாற்றாமல் பேசத் தொடங்கினால், தொடக்கத்திலேயே தவறான நிறுவனம் முந்திவிடும்.

இந்த முன்னேற்றத்துக்கு உலோகம்தான் எல்லை வகுக்கிறது. அமெரிக்காவின் எடிஸ்டோன் நிலையம் 1960ஐ ஒட்டி 649 டிகிரி நீராவிக்கு வடிவமைக்கப்பட்டது. குழாய்கள் தாங்காததால் பின்னர் அதைக் குறைந்த வெப்பத்தில் இயக்க வேண்டியதாயிற்று. இன்றைய 600 டிகிரி நிலையங்கள் 9 முதல் 12 சதவீதம் குரோமியம் கொண்ட எஃகை நம்பியிருக்கின்றன. 700 டிகிரியை எட்ட நிக்கல் உலோகக் கலவைகள் வேண்டும். அவற்றின் விலை எஃகைப் போலப் பல மடங்கு. ஜெர்மனியில் வால்சும், டாட்டெல்ன் நிலையங்களின் கொதிகலன்களில் டி24 என்ற புதுவகை எஃகுக் குழாய்களின் பற்றவைப்புகளில் விரிசல் கண்டு, பணிகள் நீண்ட காலம் தள்ளிப்போயின. ஆகவே 700 டிகிரி நிலையத்தை முதல் வாடிக்கையாளராக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைவிடப் பெரிய ஐயம் இயக்க நேரத்தைப் பற்றியது. மேலே சொன்ன செயல்திறன் முழுச் சுமையில் கிடைப்பது. சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் பெருகிய மின்கட்டமைப்பில் நிலக்கரி நிலையம் பகலில் சுமையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி மாலையில் ஏற்ற வேண்டியிருக்கிறது. சீனாவிலேயே நிலக்கரி நிலையங்கள் ஆண்டின் மொத்த மணிகளில் பாதியளவை ஒட்டித்தான் ஓடுகின்றன. அவற்றைத் தயார்நிலையில் வைத்திருப்பதற்கே 2024 ஜனவரி முதல் அந்நாடு தனிக் கட்டணம் தரத் தொடங்கியது. பாதிச் சுமையில் ஓடும்போது அழுத்தம் குறைந்து, அல்ட்ரா சூப்பர்கிரிட்டிக்கலாக வாங்கிய நிலையம் தன் மேன்மையில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது; தடித்த உலோகப் பகுதிகள் அடிக்கடி சூடாகி ஆறுவதால் விரைவில் களைப்படைகின்றன. அதனால் எவ்வளவு குறைந்த சுமையில் நிலையாக எரியும், நிமிடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறி இறங்கும் என்ற இரண்டு உத்தரவாதங்களும், முழுச்சுமைச் செயல்திறனைவிட இன்று மதிப்புமிக்கவை. ஏற்கெனவே உள்ள நிலையங்களில் எரிப்பான்களையும் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் மாற்றி இந்த நெகிழ்வைப் பெற முடியும்; புதிய நிலையத்தின் விலையில் அது ஒரு சிறு பகுதிதான்.

அடுத்தது புகையைச் சுத்திகரிக்கும் கருவிகள். இங்கே தொழில்நுட்ப ஐயம் எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்துக் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் முறை 95 சதவீதத்துக்கு மேல் வேலை செய்கிறது. கிடைக்கும் ஜிப்சம் சிமென்ட் ஆலைகளுக்கும் சுவர்ப்பலகை ஆலைகளுக்கும் போகிறது. வினையூக்கியின் மேல் அம்மோனியாவைச் செலுத்தும் முறை நைட்ரஜன் ஆக்சைடுகளை 80 முதல் 90 சதவீதம் குறைக்கிறது. மின்னேற்றத்தால் துகள்களை ஈர்க்கும் நிலைமின் வீழ்படிவிகளும் துணிவடிப்பான்களும் சாம்பலில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுகின்றன. சீனா 2014இல் அறிவித்த மிகக் குறை உமிழ்வு வரம்பு, ஒரு கன மீட்டர் புகையில் துகள் 10 மில்லிகிராம், கந்தக டை ஆக்சைடு 35, நைட்ரஜன் ஆக்சைடுகள் 50 என்று வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் தன் நிலையங்களில் பெரும்பான்மையை அந்த வரம்புக்குள் கொண்டும் வந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு கருவிகளைப் பொருத்திய அனுபவம் வேறெந்த நாட்டுக்கும் இல்லை. இந்தியா 2015 டிசம்பரில் இதுபோன்ற வரம்புகளை அறிவித்து, காலக்கெடுவைப் பலமுறை நீட்டி, 2025 ஜூலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட அலகுகளுக்குக் கந்தக நீக்கக் கருவியிலிருந்து விலக்களித்தது. கருவி அதே கருவிதான். இரு நாடுகளின் விளைவையும் பிரித்தது, அந்தச் செலவை மின்கட்டணத்தில் யார் ஏற்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை. சீனாவில் மாசு நீக்கிய மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கிடைத்தது.

இந்தக் கருவிகள் நிலையத்தின் மின்சாரத்தில் ஓரிரு சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. சுண்ணாம்புக்கல் வினையில் ஒரு டன் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும்போது சுமார் 0.7 டன் கரியமில வாயு வெளியேறும். காலநிலைக் கணக்கில் இவை உதவாது. சற்றே கூட்டவும் செய்யும். விலக்குக் கேட்பவர்கள் இதைப் பெரிதாக எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் நிலையம் உமிழும் மொத்தக் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு அளவு. நுண்துகள்களாக மாறும் கந்தகம் நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்களின் நுரையீரலையும் இதயத்தையும் சேதப்படுத்துகிறது. இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஓடப்போகும் எந்த நிலையத்துக்கும் இதுவே முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நொறுக்கிய நிலக்கரியை மேலெழும் காற்றில் மிதக்கவிட்டு எரிக்கும் சுழல் பாய்மப் படுகைக் கொதிகலன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 850 டிகிரியில் சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்து எரிப்பதால் கந்தகம் அடுப்பிலேயே பிடிபடும், நைட்ரஜன் ஆக்சைடும் குறைவாக உண்டாகும். போலந்தின் வாகிஷா நிலையத்தில் 460 மெகாவாட் அலகு 2009 முதலும், சீனாவின் பாய்மாவில் 600 மெகாவாட் அலகு 2013 முதலும் இயங்கியிருக்கின்றன. பழுப்பு நிலக்கரி, நிலக்கரியைக் கழுவும்போது மிஞ்சும் கழிவு போன்ற தரம் குறைந்த எரிபொருளே கையிருப்பு என்றால் இதை வாங்கலாம்.

வாயுவாக்க நிலையங்களின் கதை வேறு. நிலக்கரியை ஆக்சிஜனோடு வாயுவாக்கி, அழுக்கை அங்கேயே நீக்கி, வாயுச் சுழலியிலும் (டர்பைன்) நீராவிச் சுழலியிலுமாக இருமுறை மின்சாரம் எடுப்பது பொறியியல் நோக்கில் அழகான ஏற்பாடு. காகிதத்தில் இது எல்லாவற்றையும் வெல்லும். ஆனால் ஒரு மின் நிலையத்தோடு ஒரு வேதி ஆலையைப் பிணைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. நெதர்லாந்தின் புக்கனும் நிலையம் 1994இல் தொடங்கி 2013இல் மூடப்பட்டது. அமெரிக்காவின் இண்டியானாவில் எட்வர்ட்ஸ்போர்ட் நிலையம் 200 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக மதிப்பிடப்பட்டு, சுமார் 350 கோடி டாலரில் 2013இல் முடிந்தது. மிசிசிப்பியின் கெம்பர் திட்டம் 300 கோடி டாலருக்குள் முடியும் என்று தொடங்கிச் சுமார் 750 கோடியை விழுங்கியது. 2017 ஜூனில் வாயுவாக்கப் பகுதியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது, 2021இல் அந்தப் பகுதியே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஜப்பானின் நகோசோவிலும் ஹிரோனோவிலும் 2021இல் வணிக இயக்கத்துக்கு வந்த, சுமார் 540 மெகாவாட் திறனுள்ள இரு நிலையங்கள் நேர்மையான முயற்சிகள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் வலுவான அரசு ஆதரவும், தொழில்நுட்பத்தை உருவாக்கிய நிறுவனத்தின் நேரடி ஈடுபாடும் இருந்தன. அவை இல்லாத ஒரு நிறுவனத்துக்கு இந்தத் தெரிவை நான் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவேன்.

கரியமில வாயுவைப் பிடித்துத் தேக்கும் முறையை அப்படி நீக்கிவிட முடியாது; ஏனெனில் நிலக்கரி மின்சாரத்தின் காலநிலைச் சிக்கலை உண்மையில் தொடும் தெரிவு இது ஒன்றே. மிகச் சிறந்த அல்ட்ரா சூப்பர்கிரிட்டிக்கல் நிலையமும் ஒரு யூனிட்டுக்கு 740 முதல் 800 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. நவீன எரிவாயு நிலையம் 350 முதல் 400 கிராம். பிடிப்பு முறை சரியாக இயங்கினால் நிலக்கரி நிலையத்தின் உமிழ்வை 100 கிராமை ஒட்டிக் கொண்டுவர முடியும். கனடாவின் சஸ்காட்செவனில் பவுண்டரி டாம் மூன்றாம் அலகு 2014 அக்டோபரில் இதைத் தொடங்கிவைத்தது. 150 கோடி கனடிய டாலர் அளவுக்குச் செலவாகி, ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்கும் நோக்கில் கட்டப்பட்ட அந்த அமைப்பு, தொடக்க ஆண்டுகளில் இலக்கை எட்டத் தடுமாறியது. ஒப்புக்கொண்ட அளவு வாயுவைத் தர முடியாததால் வாங்கிய எண்ணெய் நிறுவனத்துக்கு இழப்பீடும் தர நேர்ந்தது. அதே நிலையத்தின் நான்காம், ஐந்தாம் அலகுகளில் இம்முறையைப் பொருத்துவதில்லை என்று அதன் உரிமையாளர் நிறுவனம் 2018இல் முடிவெடுத்தது.

டெக்சாசின் பெட்ரா நோவா 2017 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. 240 மெகாவாட்டுக்கு இணையான புகையிலிருந்து ஆண்டுக்கு 14 லட்சம் டன் பிடிப்பதற்காகச் சுமார் 100 கோடி டாலரில் கட்டப்பட்டது. கட்டுமானம் காலத்துக்கும் செலவுக்கும் உட்பட்டு முடிந்தது. பிடிப்பு விகிதமும் 90 சதவீதத்தை எட்டியது. எனினும் 2020 மே மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றில் செலுத்திக் கூடுதல் எண்ணெய் எடுப்பதே அதன் வருமானம். எண்ணெய் விலை சரிந்ததும் கணக்கு கவிழ்ந்தது. 2023 செப்டம்பரில்தான் மீண்டும் இயங்கியது. இந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்துப் படித்தால், வேதியியல் வேலை செய்கிறது, வாயுவுக்கு நிலையான விலை தருபவர் இல்லாதபோது வணிகம் வேலை செய்வதில்லை என்பது தெளிவாகிறது. நிலத்தடியில் தேக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரை வரிச்சலுகை தரும் அமெரிக்கச் சட்டம் அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி. அதற்கு இணையான கரியமில விலையோ சலுகையோ இல்லாத நாட்டில் இந்த அமைப்பை வாங்குபவர் யாரிடமிருந்து பணத்தை மீட்பார் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற வேண்டும்.

வாங்கும் வரிசையைத் தீர்மானிக்கும் காரணங்களும் இங்கேதான் இருக்கின்றன. பிடிப்பு அமைப்பில் அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் கரியமில வாயுவை உறிஞ்சும். அதை விடுவிக்க நீராவி வேண்டும். நிலையத்தின் உற்பத்தியில் 20 முதல் 30 சதவீதம் இதற்கே போய்விடும். 45 சதவீதத் திறனுள்ள நிலையம் பிடிப்புக்குப் பின் பழைய நிலையத்தின் அளவுக்கு இறங்கும். 35 சதவீத நிலையமோ பொருளாதார அர்த்தமே இழந்துவிடும். ஆகவே வயதான, திறன் குறைந்த அலகில் பிடிப்பு அமைப்பைப் பொருத்துவது பணவிரயம். அடுத்து, புகையில் கந்தக டை ஆக்சைடோ சாம்பலோ எஞ்சியிருந்தால் அமீன் கரைசல் கெட்டுப்போகும். கந்தக நீக்கக் கருவி இல்லாத நிலையத்தில் கரியமில வாயுப் பிடிப்பைப் பற்றிப் பேசுவதே முறையல்ல. மூன்றாவதாக, அளவு. ஆயிரம் மெகாவாட் நிலையம் நன்றாக ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 55 லட்சம் டன் கரியமில வாயுவை வெளியிடும். நிலக்கரி மின் நிலையங்களில் இதுவரை இயங்கிய பிடிப்பு அமைப்புகளில் பெரியவை 15 லட்சம் டன்னை ஒட்டியவை. சீனா தைச்சோவில் 2023இல் தொடங்கியது ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கானது.

அம்மோனியா கலப்பில் ஜப்பான் முன்னணியில் நிற்கிறது. ஹெக்கினான் நிலையத்தின் ஆயிரம் மெகாவாட் நான்காம் அலகில் 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்ப அளவில் 20 சதவீத அம்மோனியாவைக் கலந்து எரித்துக் காட்டினார்கள். ஆனால் 780 கிராம் உமிழும் நிலையத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் எஞ்சுவது 620 கிராமைத் தாண்டும். அது எரிவாயு நிலையத்தைவிட மிக அதிகம். அந்த ஓர் அலகுக்கே ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் அம்மோனியா வேண்டும். இன்று உலகில் உற்பத்தியாகும் அம்மோனியாவில் பெரும்பகுதி புதைபடிவ எரிபொருளிலிருந்து வருவது, அதிலும் பெரும்பங்கு உரத்துக்குப் போவது. உணவு விளைவிக்கும் பொருளோடு மின் நிலையம் போட்டியிடும் இந்த வழியில் அவசரப்பட்டு நுழைய வேண்டிய தேவை இல்லை. மரத்துகளைக் கலப்பது தொழில்நுட்பத்தில் எளிது. நீடித்த, உண்மையில் கரியமிலச் சமநிலையுள்ள விநியோகம் அருகில் இருந்தால் மட்டும் பொருந்தும்.

இனி, விற்பவர்களைப் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் புதிய நிலக்கரி நிலையச் சந்தையிலிருந்து விலகுவதாக அறிவித்தது; நவம்பரில் சீமென்ஸ் எனர்ஜியும் தோஷிபாவும் புதிய நிலக்கரி நிலையப் பணிகளை ஏற்பதில்லை என்றன. ஷாங்காய் எலெக்ட்ரிக், டாங்ஃபாங், ஹார்பின் ஆகிய சீன நிறுவனங்களும், இந்தியாவின் பெல் (பிஎச்இஎல்) நிறுவனமும், ஒரு சில ஜப்பானிய, கொரிய நிறுவனங்களுமே களத்தில் எஞ்சியிருக்கின்றன. பணமும் சுருங்கியது. ஜி7 நாடுகள் பிடிப்பு அமைப்பில்லாத வெளிநாட்டு நிலக்கரி நிலையங்களுக்கான அரசு நேரடி நிதியை 2021 இறுதியோடு நிறுத்த ஒப்புக்கொண்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய சீன அதிபர் ஷி ஜின்பிங், வெளிநாடுகளில் புதிய நிலக்கரி நிலையங்களைச் சீனா கட்டாது என்றார். இந்த நிலையில் நாற்பது ஆண்டு ஆயுள் கொண்ட சுழலியை வாங்குபவர், இருபதாம் ஆண்டில் அதன் சுழலித் தண்டையும் இறக்கைகளையும் சீரமைக்க யார் வருவார் என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. குறைந்த விலை கேட்பவரைவிட, உள்நாட்டில் உதிரிபாகமும் வரைபட உரிமையும் தருபவருக்கு இங்கே முன்னுரிமை தரலாம்.

இவற்றையெல்லாம் வைத்து என் தீர்ப்பு பின்வருமாறு அமைகிறது. இருபது ஆண்டுக்குக் குறைவான வயதுள்ள நிலையங்களில் முதலில் புகைச் சுத்திகரிப்பு, அதை ஒட்டிக் குறைந்த சுமையில் இயங்கும் நெகிழ்வு. இந்த இரண்டும் எந்த எதிர்காலத்திலும் பயன் தரும். முப்பது ஆண்டைக் கடந்த அலகுகளுக்குப் பெரும் மூலதனம் வேண்டாம்; மூடும் தேதியை அறிவித்து, அதுவரை உச்சத் தேவைக்கு மட்டும் சில மணிநேரம் ஓட்டலாம். புதிய அல்ட்ரா சூப்பர்கிரிட்டிக்கல் நிலையத்தை, பழையதைக் காட்டிலும் குறைவாக உமிழ்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டுவதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது: சில ஆண்டுகளில் மூடப்போகும், அதுவும் எப்போதாவது ஓடும் பழைய அலகைவிட, நாற்பது ஆண்டுகள் முழுநேரம் ஓடும் புதிய நிலையம் மொத்தத்தில் பல மடங்கு கரியமில வாயுவைச் சேர்க்கும். மின்கட்டமைப்பின் உறுதிக்கு வேறு வழியே இல்லை என்று தனித்த ஆய்வு காட்டினால் மட்டும் அதைக் கட்டலாம்.

அப்படிக் கட்டும்போது ‘பிடிப்புக்குத் தயார்’ என்ற முத்திரையோடு விற்க முன்வருவார்கள். காலி இடமும், நீராவியைப் பின்னர் பிரித்தெடுக்கும் வாய்ப்பும் விட்டுவைப்பது மலிவானது, அதைச் செய்துவிடலாம். ஆனால் 800 மீட்டருக்குக் கீழே, மேலே ஊடுருவாத பாறை மூடிய, வாயுவை ஏற்கும் மணற்பாறை அடுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று தெரியாதவரை அந்த முத்திரைக்குப் பொருளில்லை. நிலநடுக்க அலை ஆய்வும் சோதனைத் துளைகளும் அனுமதிகளும் பல ஆண்டுகள் எடுக்கும். கரியமில வாயுப் பிடிப்பில் அக்கறை உண்மையானால், அதற்கான முதல் பணம் அமீன் கோபுரத்துக்கு முன்பாக அந்தத் துளைகளுக்குப் போக வேண்டும்; பாறை பொருந்தாது என்று தெரிந்தால், நிலையத்துக்கான ஒப்பந்தப்புள்ளியையே கோராமல் விட்டுவிடலாம்.